முப்பத்திரண்டு பெட்டி ஓக் பலகை

மலேசியாவில், பாயான் பாருவில் மோகனாவின் வீட்டுத் தரை நிமிடத்துக்குப் பதினாறு தடவை மூச்சு விடுகிறது. ஹாலில்தான் நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றால் பாதத்துக்கு அடியில் பலகை ஒரு மில்லிமீட்டர் ஏறும், கொஞ்சம் நிற்கும், இறங்கும். படுக்கையறையில் அதில் பாதி. சமையலறையில் கால் பங்குகூட இல்லை, ஏனென்றால் அங்கே பலகையைச் சிமெண்டோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது. சுவரோரம் விட்ட இடைவெளியில் காற்று போய் வரும் சத்தத்தைக் கேட்டு, புதிதாக வருகிறவர்கள் எங்கேயோ ஃபேன் ஓடுகிறது என்று நினைப்பார்கள். பக்கத்து வீட்டு லாரன்ஸ் முப்பது வருஷம் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அளவு பார்த்தே ரிட்டையர் ஆனவர். அவர் மயிரிழை அசைவையும் முள்ளில் காட்டும் தன் டயல் கேஜைக் கொண்டுவந்து வைத்து மூன்று நாள் அளந்து நோட்டில் எழுதியிருக்கிறார். ஆகவே இதில் வாக்குவாதம் பண்ண ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய் நின்று பார்க்கலாம், சுண்டலும் கிடைக்கும்.

தரை மாற்றும் எண்ணமே மோகனாவுக்குப் பயத்தில்தான் வந்தது. அவள் புருஷன் சுகுமாரன் இருபத்து நாலு வருஷம் ஃபேக்டரி பஸ் ஓட்டியவர். ஐம்பத்தாறாவது வயசில் ஒரு நாள் காலை பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சிக்னலும் போட்டுவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் மனுஷன் வீட்டில் இரண்டு தடவை விழுந்தார், ஒரு தடவை ஹாலில், ஒரு தடவை சமையலறை வாசலில். இரண்டாவது தடவை நெற்றி டைல்ஸில் பட்டு ஆறு தையல். அன்றிலிருந்து மோகனா அந்த வெள்ளை டைல்ஸை நாளுக்கு மூன்று தடவை ஈரம் போகத் துடைத்தாள். அவள் ஃபேக்டரியில் நாற்பது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர். மெஷின் நின்றால் பதறமாட்டாள், மேனேஜர் கத்தினால் பதறமாட்டாள். வீட்டில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் மட்டும் பின்னாலேயே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருஷம் ஹரி ராயா பெருநாளுக்கு, ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் தோழி சலேஹாவின் வீட்டுக்கு, பாலிக் புலாவ் வரைக்கும் போயிருந்தாள். சலேஹாவின் மகன் புதிதாக ஓக் தரை போட்டிருந்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் மோகனாவின் கை பட்டு ஒரு கண்ணாடி பலகார ஜாடி மேசையிலிருந்து விழுந்தது. விழுந்தது உடையவில்லை. உருண்டு போய் சோபாவுக்கு அடியில் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள், மோகனா சிரிக்கவில்லை. விழுந்தால் உடையாத தரை ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது தெரியாமல் இத்தனை நாள் இருந்துவிட்டோமே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மலேசியாவில் இல்லாத மரமா, குளிர்தேசத்து மரத்துக்கு இங்கே என்ன வேலை என்று லாரன்ஸ் கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஜார்ஜ் டவுனில் தரைப்பலகை விற்கும் காஜா மொய்தீனின் கடைக்கு அவள் ஐந்து சனிக்கிழமை போனாள். முதல் நாளே அவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முழு ஓக் இந்த ஊர் ஈரத்துக்குத் தாங்காது, வளைந்துவிடும். அதனால் மேலே நாலு மில்லிமீட்டர் மட்டும் அசல் ஓக், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட், அப்படிச் செய்த என்ஜினியர்ட் பலகைதான் சரி. கேட்டுக்கொண்டாள். பிறகு தன் கேள்விகளை எடுத்தாள். தலை பட்டால் எப்படி இருக்கும்? முட்டி பட்டால்? மாத்திரை விழுந்தால் நிறத்தில் தெரியாமல் போய்விடுமா? வியர்த்த காலோடு நடந்தால்? காஜா மொய்தீன் இருபது வருஷ வியாபாரத்தில் நிறம் கேட்கிற ஆளைப் பார்த்திருக்கிறார், விலை கேட்கிற ஆளைப் பார்த்திருக்கிறார், தரையில் விழப்போகிறவரின் எடையைச் சொல்லிப் பலகை கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தார். ஆனாலும் மனுஷன் பொறுமைசாலி. ஒரு பலகையைத் தரையில் போட்டு, தானே அதன் மேல் உட்கார்ந்து, சாய்ந்து, படுத்தும் காட்டினார்.

அறை அறையாகத்தான் முடிவானது. ஹாலுக்கு அகலப்பலகை, மேலே பிரஷ் போட்டுச் சொரசொரப்பாக்கியது, பளபளப்பே கூடாது, பளபளப்பு இருந்தால் வழுக்கும் என்று அவளுக்குப் பயம். கிரில் கதவு வழியே சாயந்திர வெயில் விழுந்து ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறும், பரவாயில்லையா என்று காஜா மொய்தீன் கேட்டார். நிறம் கிடக்கட்டும் என்றாள். படுக்கையறைக்கு எண்ணெய் பூசிய வெளிர்நிறப் பலகை, வெறுங்காலுக்கு இதமாக இருக்கும், விழுந்த மாத்திரையும் கண்ணில் படும். சாமி அறைக்கு எண்ணெய்க் கறையும் குங்குமமும் தெரியாத அடர்ந்த நிறம். சமையலறைக்கு மரமே வேண்டாம் அக்கா, டைல்ஸ் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவர் கெஞ்சினார். அவள் மசியவில்லை, சுகுமாரனின் நெற்றி அடிபட்ட இடம் அதுதான். கடைசியில் மூன்று தடவை லேக்கர் வார்னிஷ் அடித்த பலகை, மூட்டுக்கு மூட்டு சீல் வைத்து, சிமெண்டோடு ஒட்டிவிடுவது என்று தீர்ந்தது. மற்ற அறைகளில் ஒட்டாமல், மெல்லிய ஃபோம் விரித்து, பலகைக்குப் பலகை மட்டும் கோத்து மிதக்கவிடுவது. குளியலறை பற்றி அவள் வாயைத் திறந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கே மட்டும் ரப்பர் பாய் போதும் என்று விட்டாள்.

பலகை லாரியில் ஏறும்போது காஜா மொய்தீன் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார். "அக்கா, பெட்டிய உடனே பிரிச்சுப் போட்டுடக் கூடாது. மரம் ரூமப் பழகணும். அந்தந்த ரூம் பலகைய அந்தந்த ரூம்லயே படுக்க வைங்க. மூணு நாள் போதும் லா."

இங்கேதான் தப்பு நடந்தது, அதுவும் நம்ம ஆள்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பெட்டி வந்து இறங்கியது ஒரு திங்கட்கிழமை. மூன்றாம் நாள் வேலை தொடங்கலாம் என்றால் அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அடுத்தது கரிநாள். அதற்கப்புறம் இரண்டே கால் நாள் சுகுமாரனுக்குச் சந்திராஷ்டமம், அது முடிந்தால் செவ்வாய்க்கிழமை. சுவர்க் காலண்டரைக் கிழிக்காத குறையாகப் புரட்டி, பத்தாம் நாளில்தான் அவள் ஒரு நல்ல நேரத்தைப் பிடித்தாள். ஒன்பது நாள் பெட்டிகள் எங்கே கிடப்பது? ஹாலில் வைத்தால் கிரில் வழியே சாரல் அடிக்கும். சமையலறையில் ஆவி. பின்னறையில் கூரை ஒழுகும். வீட்டில் ஏர்கான் உள்ளது ஒரே அறையில், சுகுமாரன் படுக்கும் அறையில். நல்ல சாமான் நல்ல அறையில் இருக்கட்டும் என்று ஹால் பெட்டி, சமையலறைப் பெட்டி, சாமி அறைப் பெட்டி என்று முப்பத்திரண்டையும் அங்கேயே அடுக்கச் சொல்லிவிட்டாள்.

கட்டிலைச் சுற்றிப் பெட்டி. கதவு பாதிதான் திறக்கும். வழக்கமாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தோத்தோ மெத்தையை விரித்துப் படுப்பாள், இப்போது தரையே இல்லாததால் பெட்டிகளின் மேலேயே விரித்துக்கொண்டாள். ஃபேக்டரியில் ஒன்பது நாள் லீவு சொல்லிவிட்டாள், பெட்டியில் இடறி அவர் விழுந்துவிடுவாரே. சாப்பாடு அங்கே, டிவி அங்கே, காய் நறுக்குவதும் அங்கேதான். அவர் கண்ணை மூடினால் இவள் பெட்டி மேல் ஒருக்களித்துப் படுத்து அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெஞ்சு ஏறியதா, இறங்கியதா. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து இதுதான் அவளுடைய பழக்கம்.

பத்தாம் நாள் ஆள்கள் வந்து இரண்டு நாளில் தரையைப் போட்டு முடித்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. புதுத் தரைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று ஹால் நடுவில் சின்ன அடுப்பை வைத்து, மேலே பாத்திரத்தை வைத்தாள் மோகனா. கோலாலம்பூரில் பேங்க்கில் வேலை பார்க்கும் மகள் ஷர்மினி இதற்காகவே வந்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கும் முன்னாலேயே பாலில் வளையம் வந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு வளையம், கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. லாரி போகிறது என்றார்கள். லாரி போகவில்லை. நிலநடுக்கமாக இருக்கும் என்று ஷர்மினி போனில் தேடினாள், அப்படியும் எதுவும் இல்லை. அப்போதுதான் லாரன்ஸ் காலுறையைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று பார்த்து, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "இது மூச்சு விடுது," என்றார்.

யாருடைய மூச்சு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் நோயாளி ஒருவர். பலகை கிடந்தது அவர் அறையில். லாரன்ஸ் ஒரு கையைத் தரையில் வைத்து, கண்ணைச் சுகுமாரனின் நெஞ்சில் வைத்து, மோகனா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க இருபது நிமிடம் எண்ணினார். நெஞ்சு ஏறும்போது தரை ஏறியது, இறங்கும்போது இறங்கியது, ஒன்றுகூடப் பிசகவில்லை. காஜா மொய்தீன் வந்து பார்த்துவிட்டு, அந்தந்த அறையில் வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். பிரித்துவிட்டு வேறு போட்டுத் தருகிறேன் என்றும் சொன்னார். ஓரப்பலகை ஒன்றை நெம்புகோலால் லேசாகத் தூக்கினார். மோகனாவுக்கு நெஞ்சை யாரோ பிடித்து இழுத்தமாதிரி இருந்தது. அவருக்கு வலிக்கும், விடுங்கள் என்று கத்திவிட்டாள். சுகுமாரன் எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே என்றார். அவர் எப்போதுமே அப்படித்தான் சொல்வார் என்று யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவள் பாடு பெரும்பாடாகிவிட்டது. முன்பெல்லாம் அவர் மூச்சைப் பார்க்க அறைக்குப் போக வேண்டும். இப்போது அரிசி களையும்போதும் காலடியில் அவர் மூச்சு, துணி மடிக்கும்போதும் அவர் மூச்சு. வீட்டுக்குள் செருப்பு போட்டால் தெரியாமல் போய்விடும் என்று, குளிர் ஜுரம் அடித்த அன்றும் வெறுங்காலோடு நடந்தாள். தரை கொஞ்சம் வேகமானால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள், ஓட ஓடத் தரை இன்னும் வேகமாகும். அறைக்குள் போய்ப் பார்த்தால் மனுஷன் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், இவளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. என்னிடம் மறைக்கிறார், தரை மறைக்காது என்று லாரன்ஸின் மனைவியிடம் சொல்லி அழுதாள். ஒரு தடவை தரை தடுக்கித் தடுக்கி ஏறியது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறார், வீட்டுக்குப் போங்கள் என்றார். நாலு மாதம் கழித்து இன்னொரு தடவை. அப்போதும் அதே பதில். ஒன்றுமில்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள், அவர்களுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை என்று கவலைப்பட்டாள். ஒன்றரை வருஷத்தில் பதினோரு கிலோ இறங்கினாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சலேஹாவிடம் ஒரு தடவை சொன்னாள், அது தூக்கமில்லாததால் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

சுகுமாரனுக்கு மட்டும் விஷயம் தெரியும். தரை போட்ட இரண்டாவது வாரமே தெரியும். காலை ஏழு மணியிலிருந்து மோகனா வேலை முடிந்து வரும்வரை வீட்டில் அவர் தனி. ஒரு நாள் காலை நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காலடியில் தரை ஓடுவதைக் கவனித்தார். தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார், அது அதன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தரை வேறு வேகத்தில். கடிகாரத்தைப் பார்த்தார், ஏழு இருபது. ஃபேக்டரி பஸ் கிளம்பும் நேரம், அவள் ஓடிப்போய் ஏறும் நேரம். இருபத்து நாலு வருஷம் அந்த பஸ்ஸை ஓட்டியவருக்கு அது தெரியாதா? பத்து மணிக்குத் தரை நிதானமானது, டீ நேரம். மத்தியானம் இரண்டு நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கியது, கேன்டீனிலிருந்து மாடி ஏறுகிறாள். முப்பத்திரண்டு பெட்டி மேலும் ஒன்பது நாள் படுத்துக்கிடந்தது அவள்தானே, அவர் கட்டிலில் அல்லவா படுத்திருந்தார்? அவர் பக்கத்தில் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகப் போனதற்குக் காரணம், அவர் மூச்சைப் பார்த்துப் பார்த்து அவளும் கூடவே இழுத்து, கூடவே விட்டுப் பழகிவிட்டதுதான். இது அவளுக்கே தெரியாது.

அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு ஷர்மினி சண்டை பிடித்தபோது தலையைக் குனிந்துகொண்டு காரணத்தைச் சொன்னார். மூன்றாவது வாரம், பிற்பகல் மூன்று மணி வாக்கில், தரை சின்னச் சின்னதாகக் குதித்ததாம். விட்டு விட்டுக் குதித்ததாம். இது என்ன புதுசாக என்று பயந்து, கையை வைத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. மோகனா சிரிக்கிறாள். சலேஹா ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அவள் அடக்க முடியாமல் சிரிக்கிறாள். வீட்டில் அவள் சிரித்து அவர் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்கு அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாளாவது வரும். தன்னை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் அவள் அங்கேயும் சிரிப்பதை விட்டுவிடுவாள், அதனால்தான் சொல்லவில்லை என்றார். தரை தடுக்கியபோதெல்லாம் அவளுக்கு அலுப்பு என்றே நினைத்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அழுதார்.

தரை நின்றது ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. சுகுமாரன் பேப்பரைக் கீழே போட்டார். ஆறு விநாடி, ஏழு விநாடி. பிறகு மூன்று தடவை குட்டையாக இழுத்து மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவர் அவளுக்குப் போன் பண்ணினார். ஃபேக்டரிக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது, லாக்கரில் அது அடித்துக்கொண்டே கிடந்தது. சாயந்திரம் அவள் முகம் சாம்பல் பூத்து வந்தாள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிய அடுத்த நிமிடம் தரை மறுபடியும் நின்றது. மோகனா அலறவில்லை. அவர் சட்டையை எடுத்தாள், மருந்துப் பையை எடுத்தாள், லாரன்ஸைக் காரை எடுக்கச் சொன்னாள், எல்லாவற்றையும் ஒரு கையாலேயே செய்தாள். இன்னொரு கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை அவள் பயம் என்று நினைத்தாள்.

ஆஸ்பத்திரியில் சுகுமாரனைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். அவர் படுக்கவில்லை. மோகனா அவருடைய மெடிக்கல் ஃபைலைத் திறந்து, இவருக்கு எத்தனை தடவை நின்றது என்று டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் சுகுமாரன். "இவளப் பாருங்க."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். இவர் இப்படித்தான், எதையும் சொல்லவே மாட்டாரு."

"மோகனா. அது என் மூச்சு இல்ல. உன் மூச்சு. எனக்கு முன்னாலேயே தெரியும்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். உட்காருவதற்கு அங்கே நாற்காலி இல்லை, நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

மூன்று அடைப்பு. ஒன்று தொண்ணூறு சதவீதம். இத்தனை நாள் எப்படி நடந்துகொண்டிருந்தார்கள் என்று டாக்டர்களே கேட்டார்கள். அடுத்த வாரமே நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். அந்த நாள் அஷ்டமியா நவமியா என்று மோகனா கேட்கவில்லை. வீட்டில் அவருக்கு யார் சமைப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். டாக்டர் சுகுமாரனையும் ஷர்மினியையும் உட்காரவைத்து விளக்கினார். ஆபரேஷன் நடக்கும்போது இருதயத்தையும் நுரையீரலையும் நிறுத்திவைப்போம், ஒரு மெஷின் அவற்றின் வேலையைச் செய்யும், முடிந்ததும் திரும்ப ஓடவைப்போம். எவ்வளவு நேரம் என்று ஷர்மினி கேட்டாள். இரண்டு மணி நேரம் வரைக்கும் என்றார்.

ஆபரேஷன் அன்று சுகுமாரன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மோகனாவின் அண்ணன் நல்லமுத்து, ஈப்போவிலிருந்து வந்தவர், வாசலில் நின்று கத்தினார். பெண்டாட்டியை மேசையில் படுக்கவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். சுகுமாரன் கோபப்படவில்லை. அங்கே கதவுக்கு வெளியேதான் உட்காரவைப்பார்கள் மச்சான், இங்கே எனக்குத் தெரியும் என்றார். நல்லமுத்து திட்டிக்கொண்டே காரில் ஏறினார். லாரன்ஸ் டயல் கேஜோடு வந்து, அதைக் கொண்டுவந்ததற்கு வெட்கப்பட்டு, பையிலேயே வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தார்.

எட்டு மணிக்குத் தரை வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எட்டே முக்காலுக்குத் திடீரென்று நிதானமாகி, நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்று அச்சுப்பிசகாமல் போனது. மயக்கம் கொடுத்து மெஷினில் போட்டுவிட்டார்கள் என்றார் லாரன்ஸ். அவள் ஆயுசில் இவ்வளவு ஒழுங்காக மூச்சு விட்டதில்லை என்று சுகுமாரன் சொன்னார், இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பத்து நாற்பதுக்குத் தரை இறங்கியது. இறங்கிய பிறகு ஏறவில்லை.

சுவரோரத்துக் காற்றுச் சத்தம் நின்றதும்தான் வீடு எவ்வளவு நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. சொல்லித்தான் இருந்தார்கள். நிறுத்துவோம் என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள். ஆனால் காலடியில் அது நிற்கும்போது டாக்டர் சொன்னது எந்த மண்டைக்கு ஏறும்? சுகுமாரன் நாற்காலியை விட்டு இறங்கினார், குப்புறப் படுத்தார், கன்னத்தைப் பலகையில் வைத்தார். விழுந்தால் அவருக்கு அடிபடக் கூடாது என்று ஐந்து சனிக்கிழமை அலைந்து அவள் எடுத்த பலகை அது. லாரன்ஸ் தன் ஜெபமாலையை எடுத்தார். பதினொன்றரைக்குத் தண்ணீர் கொடுத்தார், சுகுமாரன் வேண்டாம் என்று தலையசைத்தார். பன்னிரண்டு மணிக்குத் தன்னை மறந்து பேச ஆரம்பித்தார். இப்படியா புள்ள நீ தினமும் இருந்த, ரெண்டு வருஷமா இப்படியா இருந்த என்று பலகையைக் கேட்டார். பன்னிரண்டேகாலுக்கு அழுகை வந்தது. அழுதால் நெஞ்சு அடித்துக்கொண்டு, தரை அசைந்தாலும் தெரியாமல் போய்விடும் என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

பன்னிரண்டு ஐம்பத்து மூன்றுக்குத் தரை ஏறியது. அரை மில்லிமீட்டர் இருக்குமோ என்னவோ. இறங்கியது. ரொம்ப நேரம் சும்மா இருந்து, மறுபடியும் ஏறியது. லாரன்ஸ் சத்தமில்லாமல் விரலை மடக்கி எண்ணினார், ஐந்து, ஆறு, ஏழு. இருபது நிமிடம் கழித்து ஷர்மினி போன் பண்ணினாள். அப்பா என்று ஆரம்பித்து மேலே பேச முடியாமல் நின்றாள். "தெரியும்மா," என்றார் சுகுமாரன். "வந்துட்டா. நீ போய் ஏதாவது சாப்பிடு."

மோகனா ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். இத்தனை நாள் அவர் மூச்சு என்று நினைத்து நடந்த தரையை, தன் மூச்சு என்று தெரிந்து எப்படி மிதிப்பது என்று அவளுக்குத் தயக்கம். சுகுமாரன் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். பிறகு அவளுக்கு வேறொரு கவலை வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப உங்க மூச்ச நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"கேளு. சொல்றேன்."

அவள் கேட்டாள். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். பிறகு, காலையில் குளிக்கும்போது நெஞ்சில் கொஞ்சம் இழுத்தது, முந்தாநாளும் அப்படித்தான், சொல்லவில்லை என்றார். டாக்டரிடம் சொன்னீர்களா, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று அவள் தொடங்கினாள். தரை கொஞ்சம் வேகமாக ஏறி இறங்கியது. அவர் ஒன்றுவிடாமல் சொன்னார், சொல்லி முடித்ததும் அது நிதானமானது.